புசல்லாவை பஸ்ஸும் கயித்தண்ணனும்

ஸ்டியரிங்கை வயிற்றால் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் வெற்றிலை மடித்து, கம்பளைக்கு மேலே உள்ள கொண்டை ஊசி வளைவைச் சுண்ணாம்பு சிந்தாமல் திருப்பக்கூடிய டிரைவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவருடைய பஸ்ஸில் இரண்டு வருடம் தினமும் போய் வந்திருக்கிறேன். அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன் என்றால் அது அவருடைய திறமைதான்.

டிப்போப் புத்தகத்தில் அவருக்கு நீளமான ஒரு பெயர் இருந்திருக்கும். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து புசல்லாவை வரைக்கும் அவரைக் கயித்தண்ணன் என்றால்தான் தெரியும். நான் அந்தப் பாதையில் போகத் தொடங்கியபோது அந்தப் பெயர் அவருக்கு இன்னும் வைக்கப்படவில்லை. அது வந்த கதைக்கு நான் நேரடிச் சாட்சி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குப் புசல்லாவையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் வேலை. தங்கியது கண்டி, கட்டுக்கலையில். காலை ஐந்தரை மணிச் சிவப்பு பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் மணிக்கு வகுப்பில் நிற்கலாம். அந்த பஸ்ஸுக்கு அவர் டிரைவர். கண்டக்டர், அக்குறணையைச் சேர்ந்த ஒல்லியான மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோருக்கும் அவர் நானா. டிரைவரின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தால் இரண்டு நானா செய்யலாம்.

டிரைவர் மலையகத்துக்காரர். தோட்டத்தில் பிறந்து, லொறியில் கிளீனராக ஏறி, பஸ் டிரைவராக இறங்கியவர். அவருடைய பஸ்ஸுக்கு நிறுத்தம், ஹோல்ட் என்று ஒன்று கிடையாது. மலையிலிருந்து ஒரு பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தால், அவள் வந்து சேரும்வரை பஸ் நிற்கும். ஒருநாள் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு கம்பளை ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிறுத்தாமல் போனார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போன பதினேழு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, ஆணா பெண்ணா என்று தெரிந்துகொண்டுதான் திரும்பி நடந்தார்கள்.

அப்படிப்பட்டவரை டிப்போக்காரர்கள் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டொக்டர் தராசைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு கிலோ. கையில் பட்டியைச் சுற்றி பிரஷரைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, நான்கு மாதத்துக்குள் பன்னிரண்டு கிலோ குறைக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன், டிப்போவுக்குள் பஸ் கழுவும் வேலைதான் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸே துக்க வீடு மாதிரி இருந்தது. நான் முன்சீட்டில் இருந்து விசாரித்தேன்.

"என்ன செய்யச் சொன்னவர் அண்ணை?"

"ஓடச் சொல்றாரு சேர். நான் ஓடுனா, பஸ்ஸுக்குப் பிரேக் இல்லன்னு நெனச்சு சனமும் சேர்ந்து ஓடும். முடியாதுன்னேன். சரி, நீந்துன்னாரு. நான் மகாவலி கங்கையில எறங்குனா பேராதனைப் பாலத்துக்கு மேல தண்ணி வந்துரும்னேன். கடைசியா, சின்னப் புள்ளைங்க கயித்தச் சுத்திக் குதிச்சுக் கயிறடிக்குமே, அதச் செய்யின்னாரு. ஆறடி எடம், ஒரு கயிறு, பத்து நிமிசம். வேற ஒண்ணும் வேணாமாம்."

"அல்லாஹ்வே!" என்றார் நானா. "டொக்டர் பகிடிக்குச் சொல்லீக்கார்."

டிரைவர் பகிடியாக எடுக்கவில்லை. அன்றைக்கே புசல்லாவையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கூரையில் சாமான் கட்டும் தும்புக் கயிற்றை அவிழ்த்து இறக்கினார். முதல் சுழற்சியிலேயே அது நானாவின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. இரண்டாவது நாள் துணி காயப்போடும் நைலோன் கயிறு. அது பாரமில்லாததால் காற்றில் நின்று யோசித்துவிட்டு அவருடைய கழுத்திலேயே சுற்றிக்கொண்டது. மூன்றாவது நாள் டிப்போவின் கழிவுக் குவியலிலிருந்து மெல்லிய வயர் ஒன்றைத் தேடிப்பிடித்து, இரண்டு பழைய கியர் குமிழ்களில் துளை போட்டு, இரு முனையிலும் பிடியாக மாட்டிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

"என் கைக்கு வேற எதையும் புடிச்சுப் பழக்கமில்ல சேர். கியர்னு நெனச்சாத்தான் அது ஒழுங்கா வேல செய்யும்."

அப்படித்தான் புசல்லாவை பஸ் நிலையத்தில், காக்கிக் களிசானும் பெனியனுமாக, வரலாற்றின் முதல் பாய்ச்சல் நடந்தது. மொத்தம் ஏழு. ஏழாவதில் களிசான் கொக்கி தெறித்துப்போய் தேத்தண்ணிக் கடையின் பிஸ்கட் போத்தலில் பட்டு 'டிங்' என்றது. அதையும் சேர்த்து எட்டாக எண்ணலாமா என்று கூட்டத்தில் பத்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது அன்றுதான். "சேர் கணக்கு வாத்தியார். சேர் சொன்னாச் சரியா இருக்கும்" என்று தீர்ப்பு. தினமும் ஏழு பத்துக்கு பஸ் போய்ச் சேரும். நான் இறங்கி, புத்தகப் பையைக் கடை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று தொடங்குவேன். எனக்குப் போட்டியாக நானாவும் எண்ணுவார். எங்கள் இருவரின் கணக்கும் ஒருநாளும் ஒத்துவந்தது கிடையாது.

"இருபத்திரண்டு" என்பேன்.

"இருபத்தொண்டரை" என்பார் நானா.

"அதென்ன அரை?"

"கடைசியில கால் முழுசா எழும்பல்ல சேர். அது ஹாஃப் டிக்கெட்."

பரிகாசம் பண்ண வந்தவர்கள் இரண்டு வாரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மனிதர் அந்தக் கயிற்றை ஒரு பஸ்ஸைப் படிப்பதுபோலப் படித்தார். தோளிலிருந்து கையைச் சுழற்றினால் சீக்கிரம் களைத்துப்போகிறது, மணிக்கட்டை மட்டும் சுழற்றினால் போதும் என்று தானாகவே கண்டுபிடித்தார். சரளைக் கல்லில் குதித்தால் முழங்கால் போய்விடும் என்று பஸ்ஸின் ரப்பர் விரிப்பை எடுத்துத் தரையில் போட்டார். உள்ளூர்ச் சந்தையில் ஒரு வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வாங்கினார். காக்கிக் களிசானுக்குக் கீழே அது அநியாயத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு கியர்கள் வந்தன. முதல் கியர் என்றால் இரண்டு காலும் சேர்த்து மெதுவாக. இரண்டாவது, அதே பாய்ச்சல் கொஞ்சம் வேகமாக. மூன்றாவது, வலது இடது என்று மாறி மாறி. டொப் கியர் என்றால் நின்ற இடத்திலேயே ஓடுவது. கயிறு கண்ணுக்குத் தெரியாது, 'விர்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும். களைத்தால் நியூட்ரல், நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் முதல் கியர். கயிற்றைப் பின்பக்கமாகச் சுழற்றும் முறையும் இருக்கிறது என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"ரிவர்ஸ் வேணாம் சேர்" என்றார் அவசரமாக. "பின்னால நின்னு பார்த்துச் சொல்ல நானா வேணும். அவரு எண்ணுறதுல இருக்காரு."

எட்டாவது வாரத்தில் இருநூறைத் தாண்டினார். அதைவிட என்னை மயக்கியது அவர் தரையிறங்கிய விதம். தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு பாதத்தின் முன்பக்கத்தில் மெத்தென்று வந்து நிற்கும். சத்தமே வராது. சத்தம் வந்தால் அந்தப் பாய்ச்சலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என் வகுப்பில் முப்பது கிலோப் பையன்கள் கதிரையிலிருந்து எழும்பினாலே பக்கத்து வகுப்பு அதிரும். நான் அவர்களிடம் டிரைவரைப் பார்த்துப் படியுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். கயித்தண்ணன் என்ற பெயர் அந்த நாட்களில்தான் பாதை முழுவதும் பரவியது.

ஆனால் பெயர் பரவியதோடு வினையும் வந்தது. கம்பளைக்கும் புசல்லாவைக்கும் நடுவே, பாலத்தடி என்ற இடத்தில் முத்தம்மாக்கா என்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தர். அந்த மலையில் அவர் சொல்லுக்கு கங்காணியே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார். பஸ் நின்றதும் டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து, வாழையிலையில் சுற்றிய ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுப்பது அவருடைய வழக்கம். கயிறடிக்கும் செய்தி அவர் காதுக்குப் போனது.

"என்னாண்ணே இது? கயிறடிக்கிறீங்களாமே? ஒடம்புல சத்து இல்லாம அடிச்சா மயங்கி வுழுந்துருவீங்க. இந்தாங்க, முட்டை ரெண்டு. பச்சையாக் குடிங்க."

அடுத்து நிற்கும் இடத்தில் கறந்த பால். அதற்கு அடுத்ததில் நெய் விட்ட உளுந்து உருண்டை. புசல்லாவைக்குப் போய்ச் சேரும்போது டிரைவரின் இருக்கையைச் சுற்றிலும் ஒரு சின்னச் சீர்வரிசை இருக்கும். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "அண்ணை, பாய்ஞ்சு கரைக்கிறதை விடக் கூடத் திண்டால் எப்பிடி மெலியிறது? வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்."

"எப்பிடி சேர் சொல்றது? குடுக்கிற கையத் தட்டிட்டு அந்த எடத்துல மறுநாள் எந்த மூஞ்சியோட பஸ்ஸ நிப்பாட்டுறது?"

ஆனால் அவர் கவலைப்படவில்லை. காரணம், எடை குறைந்துகொண்டுதான் இருந்தது! புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருந்தது. அங்கே உத்திரத்தில் தொங்கும் பெரிய தராசில், கொழுந்துச் சாக்கைப் போலவே டிரைவரையும் ஒரு சாக்குக்குள் உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டி, வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தார்கள். கணக்கப்பிள்ளை முப்பது வருடமாக அந்தத் தராசில் நிற்பவர். முள்ளைப் பார்த்து உரக்க வாசிப்பார். முதல் வாரம் தொண்ணூற்று மூன்று! அடுத்தது தொண்ணூற்றொன்று. மழை தொடங்கிய பிறகு இன்னும் வேகம்: எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு. நானா ஒவ்வொரு வாரமும் பயணிகளுக்கு அறிவிப்பார். பஸ்ஸே கை தட்டும். நானும் கை தட்டினேன். கணக்கு வாத்தியார் கை தட்டினால் பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

பரிசோதனைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, மாணவர்களை நிறுக்க எங்கள் பாடசாலைக்கு ஒரு புது மிஷின் வந்தது. டிரைவருக்கு ஆசை வந்துவிட்டது. தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து ஏறினார்.

தொண்ணூற்றேழு.

மிஷின் பழுது என்றார் நானா. நான் ஏறினேன், என் எடை சரியாக இருந்தது. நானா ஏறினார், தனக்கு எடை என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. டிரைவர் மறுபடியும் ஏறினார். மூன்று மாதப் பாய்ச்சலுக்கு ஒரே ஒரு கிலோதான் குறைந்திருந்தது. பிள்ளையைச் சேர்க்கும் விஷயமாக அங்கே வந்திருந்த முத்தம்மாக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுக்கு முன்ன எங்க நிறுத்தீங்க?"

"மடுவத்துலதான்."

அக்கா வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். டிரைவரின் முகம் அப்படி இருந்தது.

"அடக் கடவுளே! எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அங்க சாக்குக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க. மழை பேஞ்சா இன்னும் கழிப்பாங்க. கணக்கப்பிள்ளைக்கு அது வாயில அப்பிடியே வரும். அந்தத் தராசுல யானைய ஏத்துனாலும் ஆடாத்தான் எறக்குவாங்க!"

பாவம், கணக்கப்பிள்ளை ஏமாற்றவில்லை. போய்க் கேட்டபோது அவர் திகைத்துப்போனார். முப்பது வருடப் பழக்கத்தில் முள்ளைப் பார்க்கும்போதே மனம் கழித்துவிடுகிறது. உள்ளே இருந்தது கொழுந்தல்ல, டிரைவர் என்பது அவருக்கு நினைவில்லை. கழித்தலைக் கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கும் அது தோன்றவில்லை. அன்று முழுவதும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று திரும்பும் பயணத்தில் டிரைவர் வெற்றிலை போடவில்லை. பேராதனை தாண்டும்போது சொன்னார்.

"பஸ் கழுவுறதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல சேர். அதுவும் வேலதான். வேற டிரைவர் வந்தாலும் நல்லாத்தான் ஓட்டுவான். ஆனா மழையில கைய நீட்ட முடியாம கூடையோட நிக்கிற பொம்பளைங்கள்ல யாரு பஸ்ஸுக்கு நிக்கிறா, யாரு சும்மா நிக்கிறான்னு அவனுக்குத் தெரியாதே."

அந்தக் கவலையை நானா மறுநாள் பாலத்தடியில் சொல்லிவிட்டார். அதற்கு மறுநாளிலிருந்து பாதை முழுவதும் சட்டம் மாறியது. சட்டம் போட்டவர் முத்தம்மாக்கா. டிரைவர் ஜன்னல் பக்கம் சீனி போடாத பிளேன்டீயைத் தவிர எதையும் நீட்டக்கூடாது. ரொட்டிக்குப் பதில் வல்லாரைச் சம்பல், அவித்த கீரை. யாராவது பாசத்தில் உருண்டையை மறைத்துக்கொண்டு வந்தால் அக்கா அதைப் பிடுங்கி நானாவிடம் கொடுத்தார். அந்த ஐந்து வாரத்தில் பஸ்ஸில் கொழுத்த ஒரே ஆள் நானாதான்.

இடையில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. பொங்கலைக் கொடுத்தால் எப்படி மறுப்பது? டிரைவர் பயபக்தியோடு வாங்கி ஒரு வாய் வைத்தார். இரண்டு வாய் வைத்தார். பிறகு தட்டைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாமிக்கு முன்னாலேயே கயிற்றை எடுத்து முந்நூறு அடித்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

இப்போது அவர் புசல்லாவையில் மட்டும் அடிக்கவில்லை. நடுப்பகலில் குட்ஷெட்டில் ஒரு சுற்று, கம்பளையில் பயணிகள் ஏறும் இடைவெளியில் ஒரு சுற்று. பஸ் பிந்தினால் முன்பெல்லாம் கத்துகிறவர்கள், "இன்னும் ஐம்பது இருக்கு, இருங்க" என்று மற்றவர்களை அடக்கினார்கள். ஐந்நூறை நிற்காமல் தாண்டிய நாளில் நானும் நானாவும் முதல்முறையாக ஒரே எண்ணைச் சொன்னோம். அப்படி உழைத்த ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பரிசோதனை ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று காலை பஸ்ஸை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். எனக்குப் பாடசாலை இல்லை. அறையில் இருக்க முடியாமல் குட்ஷெட்டுக்குப் போய், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல நின்றேன். பகல் ஒரு மணிக்கு, அரை நாள் லீவு போட்டு அவரோடு போயிருந்த நானா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தொண்ணூத்தொண்டு சேர்! இன்னம் அஞ்சு கிலோ கூட ஈக்குது."

"அப்ப?"

"கேளுங்களேன். டொக்டர் தலைய ஆட்டிட்டார். பொறகு பிரஷரப் பார்த்தார். பட்டியக் கழட்டி மறுகா கட்டிப் பார்த்தார். பழைய ஃபைல எடுத்து, இது உன்ட ஃபைல் தானான்னு கேட்டார். என்ன செஞ்சாய்ன்னு கேட்டப்ப இந்த மனிசன் சட்டைக்குள்ள இருந்து கயித்த எடுத்து, அங்கேயே, டொக்டர்ட மேசைக்கு முன்னுக்கு அடிக்கத் தொடங்கிட்டார்! நர்ஸ்மார் எல்லாம் ஓடி வந்துட்டாங்க. டொப் கியர்ல போகக்குள்ள டொக்டர் எழும்பி நின்டு, போதும், போதும், வெளியில நோயாளிகள் ஈக்குறாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார். மறுகா நெஞ்சில கருவிய வெச்சுக் கேட்டுட்டு, இந்த நெஞ்சுக்கு பஸ் ஓட்ட ஏலும், மீதி அஞ்சு கிலோவுக்கு இன்னும் ரெண்டு மாசம் தாறேன்னு கையெழுத்துப் போட்டுட்டார்!"

கயித்தண்ணன் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். நேரே டிப்போக்காரரிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன்.

"சேர், இன்டைக்கு ஸ்கூல் இல்லையே" என்றார் நானா. "எங்க போறீங்க?"

"புசல்லாவைக்கு."

"அங்க என்ன ஜோலி?"

"ஒண்டுமில்லை."

நானா ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

கம்பளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடி வந்தபோது, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருபது பெண்களாவது நின்றார்கள். காலையிலிருந்து மூன்று பஸ் போயிருக்கிறது. ஒன்றிலும் இவர்கள் ஏறவில்லை. சனிக்கிழமைச் சந்தைக்கு வெளிக்கிட்டவர்கள், சந்தையே கலைந்திருக்கும் நேரத்தில் அங்கே நனைந்துகொண்டு நின்றார்கள். கயித்தண்ணன் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

"புத்தி இருக்கா உங்களுக்கு? மழையில எதுக்கு நிக்கிறீங்க? முன்னால போன பஸ்ஸுல போயிருக்கலாம்ல?"

முத்தம்மாக்கா முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு தெரியாம நாங்க எப்பிடிண்ணே போறது?"

எல்லோரும் ஏறிவிட்டார்கள். நானா மணியை இரண்டு தடவை அடித்தார். பஸ் நகரவில்லை. முன்சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது: அவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. நானா மூன்றாவது தடவை மணியைத் தொடவில்லை. எங்கள் யாருக்கும் அன்று எங்கேயும் போய்ச் சேர அவசரம் இல்லை. அவர் ஓட்டுகிற பஸ்ஸுக்குள் நாங்கள் இருந்தோம், அது போதுமாக இருந்தது.